வேகம் கூடும்போது கோணம் பிந்துவது ஏன்: ரிசால்வரும் நெட்வொர்க் மாட்யூலும்

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளை மடித்துப் பசையிட்டு ஒட்டும் இயந்திரம் ஒன்றின் முதன்மை ஷாஃப்டில், அதன் கோணத்தை அளக்கும் பழைய ரிசால்வர் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. முன்பு அதன் கம்பிகள் 40 மீட்டர் தள்ளியிருந்த பேனலுக்குச் சென்று, இயந்திரத்தை நிரல்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யின் ரேக்கிலேயே செருகிய ஒரு கார்டில் முடிந்தன. பி.எல்.சி.யை மாற்றியபோது அந்தக் கார்டும் போய்விட்டது. இப்போது இயந்திரத்தின் அருகிலேயே ஒரு ரிசால்வர் மாட்யூலை வைத்து, ஈதர்நெட் வழியாகக் கோணத்தைப் புதிய பி.எல்.சி.க்கு அனுப்புகிறீர்கள். அங்கே கோணத்தை ஒப்பிட்டு, வேறொரு தொலைநிலை வெளியீட்டு மாட்யூல் வழியாகப் பசை வால்வைத் திறக்கிறீர்கள். நிமிடத்துக்கு 30 சுற்றில் பசை சரியான இடத்தில் விழுகிறது. 150 சுற்றில் ஏறத்தாழ 11 டிகிரி பிந்தி விழுகிறது, அதுவும் பெட்டிக்குப் பெட்டி சற்று முன்பின்னாக. இயந்திரம் நிற்கும்போது கோண எண்ணின் கடைசி இலக்கம் ஆடுகிறது. ரிசால்வர் கெட்டுவிட்டதா, எடுத்துவிட்டு, கோணத்தைத் தனக்குள்ளேயே எண்ணாக மாற்றிக் கொடுக்கும் என்கோடர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பதில் காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கோணம் தவறாக அளக்கப்படுகிறதா, அல்லது சரியாக அளந்த கோணம் வேலை நடக்கும் இடத்துக்குத் தாமதமாக வந்து சேருகிறதா?

நீங்கள் கொடுத்த எண்களே இதற்குப் பெரும்பாலும் விடை சொல்கின்றன. ரிசால்வரிலோ அதன் கம்பிச் சுற்றுகளிலோ குறை இருந்தால், பிழை ஷாஃப்டின் கோணத்தைப் பொறுத்து மாறும். ஒரே கோணத்தில் எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒரே பிழையாக இருக்கும். ரிசால்வரை ஷாஃப்டோடு இணைக்கும் கப்ளிங் வழுக்கினால், பிழை மணிக்கணக்கில் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். வேகத்தைக் குறைத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பாது. வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடி, வேகம் குறைந்ததும் தானாகவே சரியாகிவிடும் பிழை என்றால் அது காலத் தாமதம். 30 சுற்று என்பது விநாடிக்கு 180 டிகிரி. 150 சுற்று என்பது விநாடிக்கு 900 டிகிரி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விநாடிக்கு 720 டிகிரி. அந்த வேறுபாட்டால் 11 டிகிரி பிந்துகிறது என்றால், முழுச் சங்கிலியின் தாமதம் ஏறத்தாழ 15 மில்லி விநாடி. 60, 90, 120 சுற்றுகளிலும் அளந்து ஒரு வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்தால் இந்த முடிவை உறுதியாக ஏற்கலாம். வளைந்தால் நான் சொல்வதில் ஒரு பகுதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

ரிசால்வருக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்கினால், நான் ஏன் அதை இவ்வளவு எளிதில் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்பது புரியும். அது சுழலும் டிரான்ஸ்ஃபார்மர். சுழலும் பகுதியான ரோட்டரின் கம்பிச் சுற்றுக்குச் சில கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சில வோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது; இதுதான் மூல அலை. அசையாத பகுதியான ஸ்டேட்டரில் ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகி அமைந்த இரண்டு சுற்றுகள் அந்த அலையை வாங்கிக்கொள்கின்றன; ஒன்றில் வரும் அலையின் உயரம் ஷாஃப்ட் கோணத்தின் சைன் மதிப்பையும், மற்றதில் வருவது கொசைன் மதிப்பையும் பின்பற்றும். மாட்யூல் இவ்விரண்டின் விகிதத்தைத்தான் பார்க்கிறது. கொடுக்கும் மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலோ, வெப்பத்தால் சுற்றின் மின்தடை மாறினாலோ இரண்டும் சேர்ந்தே மாறுவதால் விகிதம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். உள்ளே இருப்பவை செம்பும் இரும்பும் காப்புப் பொருளும்தான். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. அதனால்தான் எண்ணெய், தூசி, அதிர்வு, வெப்பம் இவற்றுக்கு நடுவே இது நீண்ட காலம் உழைக்கிறது. பிரஷ் இல்லாத வகைகளில் தேய்வதற்குரியது தாங்கி ஒன்றே.

அந்த இரண்டு அலைகளையும் எண்ணாக மாற்றும் பகுதியிலும் தாமதத்தைத் தேட வேண்டியதில்லை. பெரும்பாலான மாற்றிகள் பின்தொடரும் வகையைச் சேர்ந்தவை: தாம் கணித்த கோணத்தை உள்ளீட்டோடு ஓயாமல் ஒப்பிட்டு, வேறுபாடு பூஜ்யமாகும் வரை திருத்திக்கொண்டே இருக்கும். இந்தச் சுழலில் வேறுபாட்டைக் காலத்தோடு கூட்டிச் சேர்க்கும் இரண்டு தொகையாக்கிகள் இருப்பதால், சீரான வேகத்தில் ஷாஃப்ட் சுழலும்போது பின்தங்கல் பூஜ்யம். முடுக்கத்தின்போது மட்டும் முடுக்கத்துக்கு ஏற்ற சிறு பிழை வரும். அலைகளுக்கும் மூல அலைக்கும் இடையே கட்ட விலகல் (ஒன்றின் ஏற்ற இறக்கம் மற்றதைவிட முந்துவதோ பிந்துவதோ) இருந்தால் வேகத்தோடு கூடும் ஒரு பிழை உண்டு என்பதும் உண்மை. ஆனால் அதன் அளவு, கட்ட விலகலைச் சுழற்சி அதிர்வெண்ணால் பெருக்கி மூல அதிர்வெண்ணால் வகுத்தால் வருவது. 10 டிகிரி கட்ட விலகல், 5 கிலோஹெர்ட்ஸ் மூல அலை, நிமிடத்துக்கு 150 சுற்று என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 0.005 டிகிரி. 3000 சுற்றில் ஓடும் சர்வோ மோட்டாரில்கூட அது 0.1 டிகிரிதான். உங்கள் 11 டிகிரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: சில மாட்யூல்களில் எண்ணை நிலைப்படுத்தச் சராசரி எடுக்கும் வடிகட்டி ஒன்றை அமைப்பில் இயக்கி வைக்க முடியும். அது இயங்கினால் அந்த வடிகட்டியே சில மில்லி விநாடிகளைத் தின்றுவிடும்.

அப்படியானால் 15 மில்லி விநாடி எங்கே போகிறது? நெட்வொர்க்கின் புதுப்பிப்பு இடைவெளி இரு திசையிலும் 5 மில்லி விநாடி, ஒப்பிடும் நிரல் 5 மில்லி விநாடிக்கு ஒரு முறை ஓடும் டாஸ்க்கில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஷாஃப்ட் குறித்த கோணத்தைக் கடக்கும் கணம் மாட்யூல் செய்தி அனுப்பும் கணத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை; எனவே அடுத்த செய்தி புறப்படும் வரை சராசரியாக 2.5 மில்லி விநாடி காத்திருப்பு. செய்தி வந்தபின் டாஸ்க் அடுத்த முறை தொடங்கும் வரை மீண்டும் சராசரியாக 2.5. முடிவு எடுக்கப்பட்டபின் வெளியீட்டு மாட்யூலுக்கு அடுத்த செய்தி புறப்படும் வரை இன்னொரு 2.5. இவற்றோடு நிரல் ஓடும் நேரம், வெளியீட்டு மாட்யூல் தன் டிரான்சிஸ்டரைத் திறக்கும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் 9 மில்லி விநாடிக்கு அருகில் வரும். மிச்சமுள்ள 6 மில்லி விநாடி பசை வால்வின் சோலினாய்டும் (வால்வை இழுக்கும் மின்காந்தம்) ஊசியும் அசைய எடுத்துக்கொள்வதாக இருக்கலாம். முதல் பகுதி கணக்கிலிருந்து நேராக வருவது. வால்வின் பங்கு என் ஊகம், அதை அளந்துதான் உறுதி செய்ய வேண்டும். கேபிளில் செய்தி ஓடும் நேரம் இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஈதர்நெட்டின் வேகத்தைக் கூட்டுவதால் பயன் கிடைக்காததற்குக் காரணமும் அதுவே: நேரம் கழிவது காத்திருப்பில்.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது சராசரியைவிட அதன் சிதறல்தான். மேலே சொன்ன மூன்று காத்திருப்புகளும் ஒன்றோடொன்று ஒத்திசையாதவை. ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து 5 மில்லி விநாடி வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். மூன்றும் நல்லபடியாக அமைந்த பெட்டிக்கும் மூன்றும் மோசமாக அமைந்த பெட்டிக்கும் இடையே 15 மில்லி விநாடி வேறுபாடு இருக்க முடியும்; 150 சுற்றில் அது 13.5 டிகிரி. அந்த இரு எல்லைகளும் அரிதாகவே வரும் என்றாலும், சிதறலின் வழக்கமான அளவைக் காட்டும் திட்ட விலக்கம் 2.5 மில்லி விநாடி, அதாவது 2 டிகிரிக்குச் சற்று மேல் என்பது கணக்கில் கிடைக்கும் எண். பெட்டிக்குப் பெட்டி பசை முன்பின்னாக விழுகிறது என்று நீங்கள் எழுதிய ஒற்றை வரிதான், கோளாறு எங்கே இருக்கிறது என்பதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியது. மாறாத தாமதம் எவ்வளவு பெரியதானாலும் அதை முன்கூட்டியே ஈடுகட்டிவிடலாம். சிதறலை எந்த ஈடுகட்டலாலும் நீக்க முடியாது; காத்திருப்புகளைக் குறைக்க வேண்டும், அல்லது ஒத்திசைக்க வேண்டும், அல்லது பாதையிலிருந்தே அகற்ற வேண்டும்.

அகற்றுவதே என் முதல் பரிந்துரை. கோணத்தை ஒப்பிட்டு வெளியீட்டைத் திறக்கும் முடிவை பி.எல்.சி.யில் எடுக்காமல் ரிசால்வர் மாட்யூலுக்குள்ளேயே எடுக்க முடியுமா என்று அதன் கையேட்டில் பாருங்கள். ஷாஃப்ட் குறித்த கோணத்துக்கு வரும்போது தட்டப்பட்டு இயங்கும் இயந்திரக் கேம் ஸ்விட்சின் வேலையை மின்னணு முறையில் செய்யும் இந்த வசதி பல ரிசால்வர் மாட்யூல்களில் உண்டு. மாட்யூலிலேயே வெளியீட்டு முனைகள் இருக்கும், திறக்கும் கோணத்தையும் மூடும் கோணத்தையும் நெட்வொர்க் வழியாக எழுதி வைத்தால் போதும். பிறகு நெட்வொர்க் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் பசை விழும் இடம் மாறாது, ஏனெனில் ஒவ்வொரு சுற்றிலும் நெட்வொர்க்கின் வழியாகப் போக வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. இங்கே ஒரு சந்தேகத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். உங்கள் பழைய ரேக் கார்டு வெறும் கோணத்தை மட்டும் கொடுத்ததா, அல்லது வெளியீடுகளையும் அதுவே நேரடியாக இயக்கியதா? பழைய பேனலின் மின்வரைபடத்தில் பசை வால்வின் கம்பி எந்த முனையிலிருந்து புறப்பட்டது என்று பாருங்கள். அது அந்தக் கார்டிலிருந்தோ அதோடு சேர்ந்த ரிலே பலகையிலிருந்தோ புறப்பட்டிருந்தால், கேம் வேலையும் தாமத ஈடும் அந்தக் கார்டுக்குள்ளேயே நடந்திருக்கின்றன. மாற்றத்தின்போது அது யாருடைய பட்டியலிலும் இடம்பெறாமல் விடுபட்டிருக்கிறது என்று பொருள். பழைய கட்டுப்பாட்டை மாற்றும் வேலைகளில் இது அடிக்கடி நடப்பதுதான்.

மாட்யூலில் அந்த வசதி இல்லையென்றால் அடுத்த வழி ஒத்திசைவு. தொழிற்சாலை ஈதர்நெட் நெறிமுறைகளில், ப்ரோஃபிநெட்டின் ஐசோக்ரோனஸ் முறை, ஈதர்கேட்டின் பகிர்ந்தமைந்த கடிகாரங்கள், ஈதர்நெட் ஐ.பி.யில் ஐ.இ.இ.இ. 1588 தரநிலையை அடிப்படையாகக் கொண்ட கால ஒத்திசைவு ஆகியவை இதற்கென்றே உருவானவை. முதல் இரண்டில் கோணத்தைப் பிடிக்கும் கணம், டாஸ்க் தொடங்கும் கணம், வெளியீடு மாறும் கணம் மூன்றும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்படும்படி அமைக்கலாம். ஈதர்கேட்டில் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவாகவே விலகும். மூன்றாவதில் ஒவ்வொரு கோண அளவோடும் நேர முத்திரை வரும். இத்தனை மணிக்கு ஷாஃப்ட் இங்கே இருந்தது, இந்த வேகத்தில் போனது, எனவே இன்ன கணத்தில் வெளியீட்டைத் திற என்று பி.எல்.சி. முன்கூட்டியே கட்டளையிட முடியும். ஆனால் இவை பலன் தர, மாட்யூல், பி.எல்.சி., வெளியீடு மூன்றுமே அந்த வசதியை ஆதரிக்க வேண்டும். பி.எல்.சி. மட்டும் ஆதரித்து ரிசால்வர் மாட்யூல் ஆதரிக்காவிட்டால், ஒத்திசைத்ததாக நாம் நம்பிக்கொண்டிருப்போம், சிதறல் அப்படியே இருக்கும். வாங்குவதற்கு முன் தரவுத்தாளில் அந்த வரியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இரண்டு வழியும் கைக்கு எட்டாத நிலையில், புதுப்பிப்பு இடைவெளியையும் டாஸ்க் காலத்தையும் 1 அல்லது 2 மில்லி விநாடிக்குக் குறைத்து, எஞ்சிய தாமதத்துக்கு வேகத்தோடு மாறும் முன்னேற்பாட்டுக் கோணத்தைக் கொடுக்கலாம். விநாடிக்கு எத்தனை டிகிரி என்ற வேகத்தைத் தாமதத்தால் பெருக்கினால் வருவதே அந்தக் கோணம். திறக்கும் கோணத்தை அவ்வளவு முன்னால் நகர்த்த வேண்டும். வால்வு திறக்க எடுக்கும் நேரமும் மூட எடுக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு கொடுங்கள். வேகத்தை, அடுத்தடுத்த இரண்டு கோண எண்களைக் கழித்து நீங்களே கணக்கிட வேண்டாம். உங்கள் மாட்யூல் ஒரு சுற்றுக்கு 4096 எண்கள் கொடுக்கிறது. 30 சுற்றில் 5 மில்லி விநாடியில் ஷாஃப்ட் நகர்வது 0.9 டிகிரி, அதாவது சுமார் 10 எண்கள். கடைசி இலக்கம் ஒன்று ஆடினாலே வேகத்தில் 10 சதவீதப் பிழை வந்துவிடும்; செய்தி வரும் நேரத்தின் சிதறல் அதற்கு மேல். பின்தொடரும் மாற்றி வேகத்தைத் தன் சுழலுக்குள்ளேயே வைத்திருப்பதால், மாட்யூல் அனுப்பும் வேக மதிப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நீண்ட இடைவெளியில் சராசரி எடுங்கள். கோணம் 4095-இலிருந்து பூஜ்யத்துக்குத் திரும்பும் இடத்தைக் கழித்தலில் கவனிக்காவிட்டால், சுற்றுக்கு ஒருமுறை வேகம் தலைகீழாகத் துள்ளும். ஈடுகட்டலும் அந்தக் கணத்தில் பசையை வேறெங்கோ கொண்டுபோய்விடும்.

எதையும் மாற்றுவதற்கு முன், தாமதத்தில் மின்னணுச் சங்கிலியின் பங்கு எவ்வளவு, வால்வின் பங்கு எவ்வளவு என்று பிரித்து அளக்க ஒரு வழி இருக்கிறது. ஷாஃப்டில் ஒரு சிறு உலோகத் துண்டைப் பொருத்தி, அதைப் பார்க்கும்படி உலோகம் அருகில் வந்தால் இயங்கும் ஒரு ப்ராக்சிமிட்டி ஸ்விட்சை வைத்து, அதன் சிக்னலை, மின் அலைகளைத் திரையில் வரையும் ஆசிலோஸ்கோப்பின் முதல் வழியில் நேரடியாகக் கொடுங்கள். அந்த ஸ்விட்ச் இயங்கும் கோணத்தை மெதுவாகச் சுழற்றிக் குறித்துக்கொண்டு, அதே கோணத்தில் பி.எல்.சி. ஒரு வெளியீட்டைத் திறக்கும்படி அமைத்து, அந்த வெளியீட்டு முனையை இரண்டாம் வழியில் கொடுங்கள். இயந்திரம் 150 சுற்றில் ஓடும்போது இரண்டு விளிம்புகளுக்கும் இடையே தெரியும் நேரமே வால்வு நீங்கலான தாமதம். திரையில் அலைகள் அழியாமல் ஒன்றன்மேல் ஒன்று படியும் முறையில் சில நூறு சுற்றுகள் ஓடவிட்டால், இரண்டாம் விளிம்பு எவ்வளவு அகலமான பட்டையாகிறதோ அதுதான் சிதறல். ஸ்விட்சுக்கும் சொந்தமாகச் சிறிய மறுவினை நேரம் உண்டு. ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான துல்லியத்தை இந்த அளவீட்டிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். பட்டை 15 மில்லி விநாடிக்கு அருகில் அகலமாக இருந்தால் என் விளக்கம் சரி. மிகக் குறுகலாக இருந்தும் பசை சிதறினால், வால்வையும் பசையின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அது என் துறை அல்ல.

நிற்கும்போது ஆடும் இலக்கத்துக்கு வருகிறேன். 4096-இல் ஓர் எண் என்பது 0.088 டிகிரி, அதாவது 5 ஆர்க் நிமிடத்துக்குச் சற்று அதிகம் (ஒரு டிகிரி 60 ஆர்க் நிமிடம்). இரண்டு எண்களின் எல்லையில் ஷாஃப்ட் நின்றால் கடைசி இலக்கம் ஒன்று முன்பின்னாக ஆடுவது எந்த மாற்றியிலும் இயல்பு. அதைவிட அதிகமாக ஆடினாலும், மோட்டார் டிரைவ் இயங்கும்போது ஆட்டம் பெரிதாகி அதை நிறுத்தியதும் அடங்கினாலும், கேபிள் வழியாக இரைச்சல் நுழைகிறது. ரிசால்வருக்கு ஆறு கம்பிகள்: மூல அலைக்கு ஓர் இணை, சைனுக்கு ஓர் இணை, கொசைனுக்கு ஓர் இணை. ஒவ்வோர் இணையும் தனித்தனியே முறுக்கப்பட்டு, தனித்தனி ஷீல்டு கொண்டிருக்க வேண்டும். சைனின் ஒரு கம்பியும் கொசைனின் ஒரு கம்பியும் ஒரே முறுக்கில் போனால், ஷீல்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் குறைவு. ஷீல்டை எந்த முனையில் எர்த் செய்வது என்பதில் தயாரிப்பாளரின் கையேட்டையே பின்பற்றுங்கள். பொதுவான வழக்கம் மாட்யூல் முனையில் மட்டும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவான வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு ஒரே தட்டில் படுக்கவிடாதீர்கள். உங்கள் புதிய அமைப்பின் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது: மெல்லிய அனலாக் அலைகள் 40 மீட்டர் பயணம் செய்த இடத்தில் இப்போது சில மீட்டர்களே போகின்றன, மிச்ச தூரத்தை ஈதர்நெட் சுமக்கிறது. பழைய 40 மீட்டர் கேபிளின் நடுவில் இருந்த இணைப்புப் பெட்டி இன்னும் பாதையில் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

பழைய ரிசால்வரைப் புதிய மாட்யூலோடு இணைக்கும்போது பொருத்தம் பார்த்தீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. மூல அலையின் மின்னழுத்தம், அதிர்வெண், உருமாற்று விகிதம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 7 வோல்ட் கொடுத்து விகிதம் 0.5 என்றால் திரும்பி வருவது உச்சத்தில் 3.5 வோல்ட், மாட்யூல் எதிர்பார்ப்பது இதைவிட மிகக் குறைவாக இருந்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கோணம் வளையும், மிக அதிகமாக இருந்தால் சிக்னல் பலவீனம் என்று பிழைவிளக்கு எரியும். சில பழைய அமைப்புகளில் ரோட்டருக்குப் பதிலாக ஸ்டேட்டரின் இரு சுற்றுகளுக்கும் மூல அலையைக் கொடுத்து, ரோட்டரில் வரும் அலையின் கட்டத்தை அளப்பார்கள். அதற்கென்று செய்த ரிசால்வர் இன்னொரு வகை மாட்யூலில் சரியாக இயங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கம்பி மாற்றங்கள் தம் அடையாளத்தைத் தாமே காட்டும்: மூல அலையின் இரு கம்பிகள் இடம் மாறினால் கோணம் 180 டிகிரி தள்ளி நிற்கும், சைன் இணையின் கம்பிகள் மாறினால் எண்ணும் திசை தலைகீழாகும், சைன் இணையும் கொசைன் இணையும் மாறினால் திசையும் மாறி 90 டிகிரி விலகலும் சேரும். ஒரு கம்பி துண்டாகியிருந்தால் மாட்யூலே சொல்லிவிடும். சுற்றுகளைச் சோதிக்க, மாட்யூலிலிருந்து முற்றிலும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் மின்தடை பாருங்கள். சைன், கொசைன் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். கழற்றாமல், உயர் மின்னழுத்தம் செலுத்திக் காப்பைச் சோதிக்கும் மெக்கரை வைத்தால் மாட்யூலின் உள்ளீடு போய்விடக்கூடும்.

சமமாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சைன் அலையின் உயரம் கொசைனைவிட ஒரே ஒரு சதவீதம் அதிகமாக இருந்தால், கோணப் பிழை உச்சத்தில் சுமார் 17 ஆர்க் நிமிடம். அது ஒரு சுற்றில் இரண்டு முறை ஏறி இறங்கும். ஷாஃப்டும் ரிசால்வரும் மையம் விலகிப் பொருத்தப்பட்டிருந்தால் பிழை ஒரு சுற்றுக்கு ஒரு முறை வரும். சாதாரணத் தொழிற்சாலை ரிசால்வர்களின் துல்லியம் பத்து ஆர்க் நிமிடம் என்ற அளவிலேயே குறிப்பிடப்படுகிறது; 16 பிட் மாட்யூல் வாங்கினால் ஓர் எண் 0.33 ஆர்க் நிமிடமாகக் குறையும், ஆனால் ரிசால்வரின் துல்லியம் அதனால் கூடாது. பசை இடும் வேலைக்கு உங்கள் 4096 எண்களே தாராளம்.

நெட்வொர்க் வழியாக எண் வரும்போது மட்டுமே தோன்றும் சில சிக்கல்களையும் இந்த மாற்றத்தோடு சரிபார்த்துவிடுவது நல்லது. ஈதர்நெட் ஐ.பி.யும் ஈதர்கேட்டும் சிறிய பைட்டை முதலில் அனுப்புகின்றன. ப்ரோஃபிநெட்டும் மோட்பஸும் பெரிய பைட்டை முதலில் அனுப்புகின்றன. நடுவில் நெறிமுறை மாற்றி எதுவும் இருந்தால் வரிசை கவிழ்ந்து, கோணம் அர்த்தமற்ற படிகளில் தாவும். 16 பிட் எண்ணைக் குறியுள்ள முழு எண்ணாகப் படித்தால் 32767-க்குப் பிறகு எதிர்ம எண்கள் வரும். கோணமும் சுற்று எண்ணிக்கையும் இரண்டு தனிச் சொற்களாக வந்தால், இரண்டையும் ஒரே கணத்தில் ஒன்றாகப் பிரதி எடுத்த பின்பே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சுற்று மாறும் விளிம்பில் பழைய எண்ணிக்கையும் புதிய கோணமும் கலந்துவிடும். பூஜ்யக் கோணம் எங்கே என்று காட்டும் திருத்த எண்ணை மாட்யூலின் நினைவகத்தில் மட்டும் வைக்காமல் பி.எல்.சி.யிலும் வைத்து, இயக்கம் தொடங்கும்போது எழுதச் செய்யுங்கள். நள்ளிரவில் மாட்யூலை மாற்ற நேரும் ஊழியர் பூஜ்யத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது உறைந்த எண். இணைப்பு அறுந்தால் பல பி.எல்.சி.களில் கடைசியாக வந்த கோணம் அப்படியே நினைவகத்தில் நிற்கும். இயந்திரம் சுழன்றுகொண்டிருக்க, நிரல் அது நிற்பதாகவே நம்பும். ஈதர்நெட் ஐ.பி.யில் இணைப்பு முறிந்ததாக அறிவிப்பதற்குமுன், புதுப்பிப்பு இடைவெளியின் நான்கு மடங்கோ அதற்கும் மேலோ காத்திருக்கும். அந்த நேரம் முழுவதும் எண் பழையதுதான். மாட்யூலின் நிலை பிட்டுகளையும் இணைப்பின் நிலையையும் கோணத்தோடு சேர்த்தே படித்து, இரண்டில் ஒன்று தவறினாலும் வெளியீட்டைத் தடுங்கள். ஒவ்வொரு செய்தியிலும் கூடிக்கொண்டே வரும் எண் ஒன்றை மாட்யூல் அனுப்புமானால், அது நின்றுவிட்டதா என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது.

இனி என்கோடர் பற்றி. ஈதர்நெட்டில் நேராகச் செருகும் என்கோடரை வைத்தாலும் மூன்று காத்திருப்புகளும் அப்படியே இருக்கும்; பசையும் அதே 11 டிகிரி பிந்தி விழும். உங்களுக்குப் பல சுற்றுகளின் முழுமையான எண்ணிக்கை மின்சாரம் இல்லாத நேரத்திலும் வேண்டும் என்றால் என்கோடருக்கு மாற நியாயம் உண்டு, ஏனெனில் ஒற்றை ரிசால்வர் ஒரு சுற்றுக்குள் மட்டுமே முழுமையானது. பல துருவ ரிசால்வராக இருந்தால் அதுகூட இல்லை. பெட்டிக்கு ஒரு சுற்று என்ற உங்கள் இயந்திரத்தில் அந்தத் தேவை எனக்குத் தெரியவில்லை. வெப்பமும் பசைத் துகள்களும் உள்ள இடத்தில் நல்ல நிலையில் இருக்கும் ரிசால்வரைக் கழற்றி, எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த ஒன்றை ஷாஃப்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தக் கோணத்தை வைத்து ஆள் பாதுகாப்புக்கான எதையும், காவல் கதவின் பூட்டைத் திறப்பதையோ இயந்திரம் நின்றுவிட்டது என்று முடிவு செய்வதையோ, செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்தால் உடனே நிறுத்துங்கள். சாதாரண நெட்வொர்க்கில் ஒற்றை ரிசால்வரிலிருந்து வரும் எண், எவ்வளவு நன்றாக அமைத்தாலும், ஐ.எஸ்.ஓ. 13849-1 கேட்கும் பாதுகாப்பு அமைப்பு ஆகாது. அதற்கு அந்தத் தேவைக்கென்றே சான்றளிக்கப்பட்ட உணரியும் பாதுகாப்பு நெறிமுறையும் வேண்டும், அதை இயந்திரத்தை நேரில் பார்த்து இடர் மதிப்பீடு செய்பவரே தீர்மானிக்க முடியும். பசை வால்வைப் பொறுத்தவரை, பழைய மின்வரைபடத்தில் அந்தக் கம்பி எங்கிருந்து புறப்பட்டது, ஆசிலோஸ்கோப்பில் பட்டை எவ்வளவு அகலம், மாட்யூலின் மாடல் எண் என்ன என்ற மூன்றையும் எழுதுங்கள். எந்த வழி உங்களுக்கு ஏற்றது என்று அதன்பின் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.